திருப்பிக் கொடுக்கிற கிணறு

என் அக்காவின் மகன் கைபேசியில் விளையாடிக்கொண்டிருக்கிறான். அவனுடைய ஆள் மாடியிலிருந்து விழுந்து சாகிறான். மூன்று விநாடி கழித்து அதே மாடியில் துவக்கோடு நிற்கிறான். பயல் கொட்டாவி விட்டபடி அவனை மறுபடியும் குதிக்க வைக்கிறான். எனக்கு அந்தக் கைபேசியைப் பிடுங்கி எறியவேண்டும் போல் இருக்கிறது. எறிந்தால் அக்கா என்னைப் பிய்த்து எடுத்துவிடுவாள் என்பதால் எழும்பி வந்து இதை எழுதுகிறேன்.

நீங்கள் என்னுடைய காலத்து ஆட்கள். தறப்பாளுக்குக் கீழே இருந்து வாய்ப்பாடு பாடமாக்கியவர்கள், முப்பதைத் தொட முன்னமே தலை நரைத்து முழங்காலுக்கு எண்ணெய் பூசுகிறவர்கள். உங்களுக்குச் சொன்னால் விளங்கும். வேறு யாரும் கேட்டால், சின்னப் பிள்ளைகளின் விளையாட்டுக்கு இவ்வளவு கதையா என்பார்கள். என்றுவிட்டுப் போகட்டும்.

முகாமிலிருந்து எங்களை ஊரில் கொண்டுவந்து இறக்கிய வருடம் அது. அடம்பனுக்கு உள்ளே தள்ளி, வயல்களுக்கு நடுவில் எங்கள் ஊர். வயல் என்று சொல்லுகிறேன், அப்போது அது ஆளுயரப் பற்றைக் காடு. தகரமும் தறப்பாளும் தந்தார்கள், கொட்டில் போட்டோம். கொட்டிலைச் சுற்றி ஒரு துண்டு நிலம்தான் துப்புரவாக்கியிருந்தது. அதற்கப்பால் சிவப்பு நாடா. நாடாவுக்கு அந்தப் பக்கம் மண்டையோட்டுப் படம் போட்ட கண்ணிவெடிப் பலகை. எங்கள் சொந்தக் காணியின் புளியமரம் அந்தப் பக்கம் நின்று காய்த்துக் கொட்டியது. நாங்கள் இந்தப் பக்கம் நின்று வாயூறினோம். புழுதி மணமும், வெயிலில் காய்ந்த தறப்பாளின் பிளாஸ்ரிக் மணமும்தான் அந்தப் பருவம் முழுக்க.

ஓடித் திரிகிற வயதில் எங்களுக்குக் கிடைத்தது நாற்பது காலடி நிலம். அந்த நேரம் பார்த்துத்தான் கனடாவிலிருந்து மாமா வந்தார், கூடவே பதினாலு வயது மகன். அந்த மச்சானுக்குத் தமிழ் பாதி வரும், பாதி வராது. நுளம்புக் கடியில் முகம் வீங்கிப்போய் இரண்டு கிழமை எங்களோடு இருந்தான். பொழுது போகவில்லை என்று ஒரு விளையாட்டுச் சொல்லித் தந்தான்.

ஒருவர் கதை சொல்லவேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தைக் கொப்பியில் எழுதிக்கொள்ளவேண்டும்: பெயர், பலம், பலவீனம், கையில் என்ன ஆயுதம். கதை சொல்பவர், ‘இப்ப நீங்கள் ஒரு குகை வாசலில நிக்கிறியள், உள்ளுக்குள்ள உறுமிற சத்தம் கேக்குது’ என்பார். உள்ளே போவதா, திரும்பி ஓடுவதா என்று மற்றவர்கள் சொல்லவேண்டும். வெட்டு விழுந்ததா, தப்பினார்களா என்பதைக் கட்டை சொல்லும். அது தாயக்கட்டை மாதிரி இல்லை. இருபது பக்கம், நீல நிறம், வெயிலில் பிடித்தால் கண்ணாடி போல ஊடாகத் தெரியும். போகும்போது அதை மச்சான் என்னிடம் தந்துவிட்டுப் போனான்.

“செத்தா?” என்று நான் கேட்டேன்.

“செத்தா செத்தது. புது ஆள் எழுது” என்றான். பிறகு யோசித்துவிட்டு, “புத்தகத்தில இருக்கு, செத்த ஆளைத் திரும்பக் கொண்டு வாற மந்திரம். நாங்கள் விடுறேல்லை. விட்டா விளையாட்டு நாசம்” என்றான். அந்த ஒன்றை மட்டும் நல்ல தமிழில் சொன்னான்.

கூரை போன கூட்டுறவுச் சங்கக்கடைதான் எங்கள் இடம். சீமெந்துத் தரை இருந்தது, மூன்று சுவர் இருந்தது. நான் கதை சொன்னேன். பதின்மூன்று வயதில் எனக்கு வாய் பெரிது. விளையாடியவர்கள் மூன்று பேர்: என் தம்பி, சங்கக்கடை மனேச்சரின் மகன், என் தோழி. நாடாவுக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு நாங்கள் மலை ஏறினோம், கப்பல் விட்டோம், உப்பு ராசாவின் கோட்டையை மூன்று நாள் முற்றுகையிட்டோம். கட்டையை நான் ஒரு கொப்பியை நிமிர்த்தி வைத்து அதன் மறைவில்தான் போடுவேன். மச்சான் காட்டித் தந்த முறை அது. என்ன விழுந்ததென்று கதை சொல்பவருக்கு மட்டும் தெரியும்.

தம்பியின் ஆள் ஒரு பேசுகிற கரடி. ஒருநாள் அது ஆற்றில் இழுபட்டுச் செத்துப் போனது. தம்பி தன் கொப்பியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஓவென்று அழுதான். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. அம்மா அகப்பைக் காம்போடு வந்து, “கரடி செத்ததுக்கே உந்த ஒப்பாரி?” என்று கேட்டதில் நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆனால் அடுத்தநாள் விளையாட உட்கார்ந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு பாலத்தில் கால் வைக்க அரை மணித்தியாலம் யோசித்தார்கள். மனேச்சரின் மகன் கயிறு கட்டிப் பார்த்தான், கல்லெறிந்து பார்த்தான். அந்தப் பாலத்தைத் தாண்டியபோது நாங்கள் கத்திய சத்தத்தில், பற்றைக்குள் வேலை செய்த கண்ணிவெடி அகற்றுகிற ஆட்களே நிமிர்ந்து பார்த்தார்கள். என் சீவியத்தில் அவ்வளவு சந்தோசமான பின்னேரம் வேறு இருந்ததாக ஞாபகம் இல்லை.

இனித் தோழியின் ஆளைச் சொல்லவேண்டும். அவள் ஒரு காவல்காரனை எழுதியிருந்தாள். இடது கைக்காரன். புருவத்தில் வெட்டுக்காயம். மாங்காய்க்கு உப்பும் தூளும் போட்டுத் தின்பவன். பெயர், அவளுடைய அண்ணாவின் பெயர். அந்த அண்ணாவை எங்களுக்கெல்லாம் தெரியும். சண்டையின் கடைசி நாட்களில், கடல்நீரேரியைக் கடந்து வந்த இடத்தில், ஆமிக்காரர் அவரை வேறு வரிசைக்குப் போகச் சொல்லி, பஸ்ஸில் ஏற்றினார்கள். அவளுடைய அம்மா பார்த்துக்கொண்டு நின்றா. அவர் யன்னலால் கை காட்டினவர். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. தோழியின் அப்பா செல் குண்டு பட்டுச் செத்தவர், கண்ணால் கண்டார்கள், அழுதார்கள், மண் போட்டார்கள். மகனுக்கு அப்படி ஒன்றும் செய்ய முடியவில்லை.

நாங்கள் யாரும் அவள் ஏன் அந்தப் பெயரை வைத்தாள் என்று கேட்கவில்லை. எனக்கு அப்போதே ஒரு நெஞ்சிடி இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். ஆனால் நான் கதை சொல்கிறவள், எல்லோருக்கும் ஒரே சட்டம் என்று பெரிய மனிசி மாதிரி நினைத்தேன்.

ஒருநாள் உப்பு ராசாவின் படையோடு சண்டை. கட்டையில் ஒன்று விழுந்தது. ஒன்று விழுந்தால் தப்ப வழியே இல்லை. நான் சொன்னேன், காவல்காரன் விழுந்துவிட்டான் என்று. தோழி கொப்பியை மூடினாள். அழவில்லை. எழும்பி வீட்டுக்குப் போனாள். அடுத்தநாள் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. நான் போய் அவர்களுடைய கொட்டில் வாசலில் நின்றேன். அவள் சுளகில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டு, என்னை நிமிர்ந்து பார்க்காமல், “நீ அவரைச் சாக்காட்டிப் போட்டாய்” என்றாள்.

அந்த இடத்தில்தான் நான் கிணற்றைக் கண்டுபிடித்தேன். நின்ற நிலையிலேயே வாயில் வந்தது. மலைக்குப் பின்னால் ஒரு கிணறு இருக்குது, அதன் தண்ணியைத் தெளித்துக் கட்டை போட்டால், பதினொன்றும் அதற்கு மேலும் விழுந்தால் செத்தவர் எழும்பி வருவார். குறைய விழுந்தால் இல்லை. அவள் சுளகை வைத்துவிட்டு வந்தாள். போட்டோம். பதினான்கு விழுந்தது, பொய் இல்லை, உண்மையாகவே விழுந்தது. அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள்.

அதோடு விளையாட்டு நாசம்.

நாசம் என்றால் ஒரே நாளில் இல்லை. தம்பி, தன் கரடிக்கும் கிணறு வேண்டும் என்றான். கொடுத்தேன். பிறகு அந்தக் கரடி ஒரு பின்னேரத்தில் ஐந்து தரம் செத்தது. மனேச்சரின் மகன் பாலத்தில் நடக்கவே மாட்டான், பள்ளத்தில் குதிப்பான், “கிணத்துக்குக் கொண்டு போங்கோ” என்பான். பதினொன்றுக்குக் குறைய விழுந்தால் இன்னொரு குடம் தண்ணி எடுத்து வந்ததாகச் சொல்லி மறுபடி போடச் சொல்வார்கள். நானும் போட்டேன். கோட்டைக்குள் போனால் பயமில்லை. பாம்பு வந்தால் பயமில்லை. நான் தொண்டை நோகக் கதை சொல்லிக்கொண்டிருக்க, மனேச்சரின் மகன் சுவரில் சாய்ந்து நித்திரை தூங்கினான். ஒருவன் செத்ததற்கு அழ ஆளில்லை, பிழைத்ததற்குச் சந்தோசப்படவும் ஆளில்லை. தோழி மட்டும்தான் ஒவ்வொரு தரமும் கைகளைக் கோர்த்துக்கொண்டு நிமிர்த்திய கொப்பியையே பார்த்தாள்.

எனக்கு எரிச்சல் வந்தது. என்னுடைய ராச்சியம், என்னுடைய மலை, எல்லாம் சப்பென்று போய்விட்டதே என்ற எரிச்சல். ஒருநாள் எழும்பி நின்று சொன்னேன். கிணறு வற்றுகிறது. ஆளுக்கு ஒரு போடு மட்டும்தான் மிச்சம். அதில் விழுந்ததுதான் முடிவு. பிறகு செத்தால் செத்ததுதான். அன்றைக்கே காவல்காரன் மறுபடி விழுந்தான். பொழுது பட்டுவிட்டதால், அவருடைய கடைசிப் போட்டை நாளைக்கு வைத்துக்கொள்வோம் என்றேன்.

தோழி அதை வீட்டில் போய்த் தாயிடம் சொல்லியிருக்கிறாள்.

அந்தக் கிழமை அவர்களுடைய வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று எங்களுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். கிராம அலுவலரான விதானையார் அண்ணாவின் மரண அத்தாட்சிப் பத்திரத்துக்கு ஒரு படிவம் கொண்டுவந்திருந்தார். தோழியின் சித்தப்பா அடம்பனிலிருந்து உழவு மெசினில் வந்து, “எத்தினை நாளைக்கு அண்ணி, பெடியனை அந்தரத்தில விட்டு வைக்கிறது” என்று கேட்டு, ஐயரிடம் நாளும் குறித்துவிட்டார். தர்ப்பையில் உருவம் செய்து, எரித்து, சாம்பலைப் பாலாவித் தீர்த்தத்தில் கரைத்து, அந்தியேட்டி செய்வதென்று ஏற்பாடு. தோழியின் அம்மா ஓம் என்று சொல்லிவிட்டா. படிவத்தில் கையெழுத்து மட்டும் மிச்சம்.

அடுத்தநாள் சங்கக்கடைக்கு அவ வந்தா. குளித்து, நீறு பூசி, தலையை முடிந்துகொண்டு வந்தா. எங்களோடு சீமெந்துத் தரையில் சம்மணம் போட்டு இருந்தா. தம்பி பயந்துபோய்த் தள்ளி உட்கார்ந்தான்.

“மாமி, இது சும்மா விளையாட்டு” என்றேன்.

“தெரியும் பிள்ளை. எனக்கென்ன விசரே” என்றா. பிறகு மெதுவாகச் சொன்னா: “கோயில்ல மூண்டு தரம் பூக்கட்டிப் பாத்தனான். ஒருக்கா வெள்ளை வந்தது, இருக்கிறான் எண்டு. ஒருக்காச் சிவப்பு. மூண்டாந்தரம் பிரிக்கேக்கை பொட்டலத்துக்குள்ள பூவே இல்லை, கட்டின மனிசி மறந்து போச்சுது. பூவை எடுக்கிறதுக்கும் குழந்தைப் பிள்ளையைத்தானே விடுறவை. ஏனெண்டாப் பிள்ளையளின்ரை கைக்குச் சூது தெரியாது. நீ போடு. நீ என்ன சொல்லுறியோ அதைக் கேட்டுக்கொண்டு போறன். இல்லையெண்டாச் சொல்லு, நாளைக்குப் பாலாவிக்குப் போறம்.”

பூக்கட்டிப் பார்ப்பது உங்களுக்குத் தெரியும். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், சுவாமிக்கு முன்னால் வைத்து, ஒரு பிள்ளையைக் கொண்டு ஒன்றை எடுப்பிப்பது. கல்யாணத்துக்குப் பார்ப்பார்கள், கிணறு வெட்டப் பார்ப்பார்கள். காணாமல் போனவர்களுக்கும் பார்க்கலாம் என்று அந்த வருடங்களில்தான் பழகிக்கொண்டோம்.

நான் கொப்பியை நிமிர்த்தி வைத்தேன். கட்டை தரையில் சத்தம் போட்டு உருண்டு நின்றது.

நான்கு.

நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இனிச் சொல்லவேண்டும். நிமிர்ந்தால் மாமியின் முகம். வாய் கொஞ்சம் திறந்திருந்தது, கீழ்ப்பல் தெரிந்தது. சொல்லட்டும், முடிந்துவிடட்டும் என்று வந்த மனிசியின் முகம்தான் அது, இப்போது நினைத்தால் தெரிகிறது. பதின்மூன்று வயதில் அதை வேறு மாதிரி வாசித்தேன்.

“பதினேழு” என்றேன். கட்டையை உடனே கைக்குள் எடுத்துப் பொத்திக்கொண்டேன்.

அவ என் தலையில் கை வைத்தா, மகளின் தலையில் கை வைத்தா, எழும்பிப் போனா. அன்று பின்னேரம் எங்கள் கொட்டிலுக்குப் பயற்றங்காய்க் கறி வந்தது. அடுத்தநாள் சித்தப்பா உழவு மெசினோடு வந்து, வாசலில் நின்று கத்திவிட்டு, வெறுமனே திரும்பிப் போனார். படிவத்தை மாமி அடுப்பில் வைத்ததாக விதானையார் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

எனக்கு மூன்று நாள் காய்ச்சல். நாலாம் நாள் அம்மாவிடம் சொன்னேன், “அம்மா, கட்டையில நாலுதான் விழுந்தது” என்று. அம்மா உலைமூடியைத் திறந்து கஞ்சி பார்த்துக்கொண்டிருந்தா. திரும்பாமலே சொன்னா: “வாயைப் பொத்திக்கொண்டு இரு. அந்த மனிசி இண்டைக்குத்தான் ஒரு வாய் சோறு திண்டிருக்கு. உன்ரை ஒரு பொய்யால ஒரு சீவன் நிக்குமெண்டா நிக்கட்டும்.” அப்பாவும் அதைத்தான் சொன்னார். பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். அவர்களைக் குற்றம் சொல்லி என்ன, அவர்களுக்கும் அன்றைய பாடு மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

விளையாட்டை அதற்குப் பிறகு ஒருவரும் தொடவில்லை. கட்டையை நான் சிவப்பு நாடாவுக்கு அந்தப் பக்கம் எறிந்தேன். போய் எடுக்க முடியாத இடம் அதுதான்.

இனி நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இழுத்துச் சொல்ல எனக்குத் தென்பில்லை. வீட்டுத் திட்டத்தில் வீடு கிடைத்தபோது மாமி ஒரு அறையை மகனுக்கென்று பூட்டி வைத்தா. தோழிக்கு மட்டக்களப்பில் பல்கலைக்கழகம் கிடைத்தது. “அண்ணா வரேக்கை வீட்டில ஆள் வேண்டாமோ” என்று மாமி ஒரு கேள்விதான் கேட்டா, அவள் போகவில்லை. பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். மூன்று சம்பந்தம் வந்தது. தகப்பன் இல்லாத பிள்ளையைத் தாரை வார்த்துக் கொடுக்கத் தமையன் இருக்க, சித்தப்பன் எதற்கு என்று மாமி மூன்றையும் திருப்பி அனுப்பினா. “இருக்கிறான். எனக்குச் சொல்லியாச்சு” என்பா. யார் சொன்னது என்று கேட்டால் சிரிப்பா. நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் எனக்குத் தனியாக முட்டை பொரிப்பா. அந்த முட்டையைத் தின்றுகொண்டு தோழியின் முகத்தைப் பார்க்க முடியாமல் எத்தனை தரம் இருந்திருக்கிறேன் தெரியுமா?

போன மாதம் நாலாவது சம்பந்தம் வந்தது. கொண்டுவந்தவளே நான்தான். என் கணவரின் ஒன்றுவிட்ட தம்பி, தோட்டவெளிப் பக்கம், தங்கமான பெடியன், இரண்டு வருடமாக அவளுக்காகவே இருக்கிறான். தை மாதத்துக்குள் முடிவு சொல்லாவிட்டால் அவனுடைய தாய் வேறு இடம் பார்க்கப்போகிறா. தோழி முதல் தரமாக என்னிடம் வாய் விட்டுச் சொன்னாள், “எனக்கு ஓம்தான். அம்மாவை நீ கேள். நீ சொன்னாத்தான் அம்மா கேப்பா” என்று.

போனேன். பஸ்ஸில் முழுக்க அதை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். மாமி கதிரையில் இருந்தா, கால் இரண்டும் வீங்கியிருந்தது. தோழி குசினிக்குள் அரிசி கழுவிக்கொண்டிருந்தாள், கதவு திறந்துதான் இருந்தது. அவளும் கேட்கட்டும் என்றுதான் உரத்துச் சொன்னேன்.

“மாமி, அண்டைக்குச் சங்கக்கடையில நான் பொய் சொன்னனான். பதினேழு விழேல்லை. நாலு விழுந்தது.”

குசினியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

மாமி என்னைப் பார்த்தா. கோபப்படுவா, நெஞ்சில் அடித்து அழுவா, தும்புத்தடியை எடுப்பா என்றெல்லாம் நினைத்துக்கொண்டு நின்றேன். எதற்கும் தயாராக இருந்தேன். அவ கையை நீட்டி என் கையைப் பிடித்துத் தடவினா.

“அதுக்கேன் பிள்ளை அழுறாய்” என்றா. “குறைய விழுந்தா என்ன, திரும்பப் போடுறதுதானே. உங்கட விளையாட்டில அப்பிடித்தானே செய்தனீங்கள். இவள் சொல்லுறவள்.”

“கட்டை இல்லை மாமி. அது எப்பவோ துலைஞ்சு போச்சு.”

“கட்டை எதுக்கு? நீ சும்மா வாயால ஒரு நம்பரைச் சொல்லு.”

குசினி வாசலில் தோழி வந்து நின்றாள், ஈரக் கையோடு. என்னையே பார்த்தாள். ஒன்று என்று சொல்லலாம், இரண்டு என்று சொல்லலாம். அதைச் சொல்லத்தானே அவ்வளவு தூரம் போனேன். மாமியின் வாய் கொஞ்சம் திறந்திருந்தது. என் கையை விடவே இல்லை.

“இருபது” என்றேன்.

தோழி உள்ளே போய், விட்ட இடத்திலிருந்து அரிசியைக் கழுவத் தொடங்கினாள்.